சிவபோகம், ஆர்.

ஆர். சிவபோகம் (23 ஜூலை 1907 – 14 ஜூன் 1966) இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்கர்; சென்னையில் சொந்தமாகத் தணிக்கைத் தொழில் நடத்தியவர்; விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ராணி மேரி கல்லூரியில் படித்தார். அவரைப் பொதுவாழ்வுக்கு ஈர்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி. சென்னை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர் சுப்பலட்சுமி.

அந்நியப் பொருள் மறுப்பில் ஈடுபட்ட சிவபோகம் 1931இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கணக்கர் ஆவது என்று அவர் முடிவெடுத்தது சிறையில்தான்.

அந்நாளில் அத்தொழில் இன்னும் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்பவருக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும் என்றது 1913ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். பம்பாயில் 1918இல் ஜி.டி.ஏ. என்னும் கணக்கியல் பட்டயம் தொடங்கியது. 1932இல் வந்த தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளின்படி கணக்கர் பதிவேடு இந்திய அரசின் பொறுப்பில் இருந்தது. அதில் பெயர் ஏறியவர் 'ஆர்.ஏ.' (பதிவுபெற்ற கணக்கர்) எனப்பட்டார். தொழில் கற்க, பெயர்பெற்ற ஆடிட்டர் ஒருவரிடம் ஆர்ட்டிகிள் கிளார்க்காகச் சேர வேண்டும். வவுச்சரை ஒவ்வொன்றாக எடுத்து ரொக்கப் புத்தகத்தோடும் பேரேட்டோடும் ஒத்துப்பார்த்து டிக் அடிப்பதில் தொடங்கி, ஐந்தொகை வரை பழக வேண்டும். சென்னையின் மூத்த ஆடிட்டர் சி. எஸ். சாஸ்திரி சிவபோகத்தைச் சேர்த்துக்கொண்டார். பெண்ணைச் சேர்க்க எவரும் துணியாத காலம் அது. சாஸ்திரியின் செயல் பாராட்டுக்குரியது.

1933இல் ஜி.டி.ஏ. தேர்ச்சி பெற்றார். ஆனால் சிறை சென்றவர் பதிவு பெற முடியாது என்ற விதி குறுக்கே நின்றது. நாட்டுக்காகச் சிறை சென்றதையும் மோசடிக் குற்றத்தையும் ஒரே தட்டில் வைத்த அந்த விதி நியாயமற்றது. சிவபோகம் நீதிமன்றம் சென்று வென்றார். 1937இல் தனித்தொழில் தொடங்கினார். கடைசிவரை கதரே உடுத்தினார்.

பட்டயக் கணக்கர் சட்டப்படி இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் 1 ஜூலை 1949இல் அமைந்தபின் அதன் உறுப்பினரானார். 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். தொழிலமைப்பு ஒன்றின் தலைமை பெண்ணிடம் இருப்பது அன்றைய இந்தியாவில் அரிது. தமக்குப் பின்னால் வரும் பெண்களை மனத்தில் வைத்து, இறுதித் தேர்வை முதல் முயற்சியிலேயே வென்று சிறந்து நிற்கும் பெண்ணுக்கு 1956இல் ஒரு பரிசு நிறுவினார்.

இன்று அந்நிறுவனத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 4 லட்சத்தைக் கடந்துள்ளது. அவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பெண்கள். சிவபோகம் பெயரிலான பரிசு நிறுவனத்தின் பரிசுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.