பால்மரம் தந்த சொற்கள்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஊர் மலாயில் பெராய், தமிழில் பிறை. ஒலியைத் தழுவி வந்த பெயரே எனினும், தமிழ்ச் செவிக்கு அது நிலவை நினைவூட்டுகிறது.

தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் இதனினும் வலிய சொற்களை ஆக்கினர். பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இரப்பர், இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877இல் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் மலாயாவெங்கும் பரவியது. பட்டையைச் சீவினால் வெண்சாறு வடியும் அம்மரத்தைத் தோட்டத்து மக்கள் பால்மரம் என்றனர். தொழிலைப் பால்வெட்டு என்றனர். இரப்பருக்குப் பின் பெருகிய எண்ணெய்ப்பனை இந்நாட்டுத் தமிழில் செம்பனை ஆயிற்று. முன்னது பயனைச் சொல்கிறது. பின்னதில் செந்நிறக் கனியே தெரிகிறது.

மாணவர் கட்டுரைகளில் நாம் அடிக்கடி காணும் தொடர், ‘தொழிலாளர்கள் மிகவும் கடினமாக உழைத்தார்கள்’ என்பது. அஃது எந்நாட்டுக்கும் எத்தொழிலுக்கும் பொருந்தும். ‘விடியுமுன் பால் வெட்டினார்கள்’ என்றால் இருளும் கத்தியும் மரமும் கண்முன் நிற்கின்றன. ‘மிகவும்’ என்னும் அடை சொல்லுக்கு வலிமை சேர்ப்பதில்லை. பொருளைக் கண்டறிந்த பெயரும் வினையுமே சேர்க்கின்றன.

தோட்டங்கள் அழிந்துவருகின்றன, அவற்றின் சொற்களும் உடன் மறைகின்றன. ஆதலின், எழுதுமுன் பாட்டியிடம் ஒரு சொல் கேட்டுவருமாறு மாணவரை ஆசிரியர்கள் பணிக்க வேண்டுகிறோம்.