இதய நோய்னா அசையவே கூடாதா? - ஒரு குட்டி வரலாறு



திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் ரெண்டு வகை. பத்மநாபசாமியைப் பார்க்க வருபவர்கள், ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் :-) 1976-ல் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்து, டாக்டர் வலியத்தான் வளர்த்தெடுத்த இடம் அது. நம் நாட்டிலேயே செய்த சித்ரா இதய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியதும் இங்கேதான்.

ஆபரேஷனுக்காக எஃப்.டி.யை உடைக்கிறோம், நகையை அடகு வைக்கிறோம். சரி, வீட்டுக்கு வந்த பிறகு? "அசையாதீங்க மாமா, தண்ணி நான் எடுத்துத் தர்றேன்" என்று கட்டிலோடு கட்டிப்போட்டு விடுகிறோம்.

நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1952-ல் அமெரிக்காவில் லெவைன், லவுன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்ததே பெரிய புரட்சி! அடுத்த வருடம் லண்டனில் ஜெர்ரி மோரிஸ், நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் பஸ் டிரைவரைவிட மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். 1966-ல் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்க வைத்துச் சோதித்தார்கள். 30 வருடம் கழித்து அதே 5 பேரை மறுபடி சோதித்தால்... வயதால் குறைந்த உடல்திறனைவிட அந்த 3 வாரப் படுக்கையால் குறைந்ததுதான் அதிகம்!

இனி துடிப்பு விஷயம். நல்ல இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். வேகஸ் என்ற நரம்பு போடும் பிரேக் அது. (துடிப்பு தாறுமாறாவது வேறு, அது நோய்.) 1987-ல் கிளைகரும் குழுவினரும் மாரடைப்பு வந்த 808 பேரின் 24 மணி நேர ஈ.சி.ஜி.யைப் பார்த்தார்கள். துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கம் 50 மில்லி விநாடிக்குக் கீழே போனவர்களுக்கு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 5 மடங்கு.

அந்த பிரேக்கைத் திரும்பச் சரிசெய்ய உதவுவதில் ஒன்று உடற்பயிற்சி. 2002-ல் இத்தாலியில் வந்த ஆய்வில், பயிற்சியால் இந்த நரம்புக் கட்டுப்பாடு நன்றாகக் கூடியவர்களில், அடுத்த 10 வருடத்தில் இறந்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் ஒரே அளவு கூடுவதில்லை என்பதும் உண்மை. நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் யோகாவை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. மறு மாரடைப்பும் மரணமும் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டது. அது சின்ன விஷயமா?

எங்கள் பேங்கில் வரவு செலவே இல்லாத கணக்கைச் 'செயல்படாத கணக்கு' என்று ஒதுக்கி விடுவோம். அப்பாவையும் மாமாவையும் அப்படி ஆக்க வேண்டாமே. டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துச் சீட்டோடு, "எப்போதிலிருந்து, எவ்வளவு தூரம் நடக்கலாம்?" என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம்.