உடன்கட்டையும் உமா நாராயண் அம்மையாரும்

எங்கள் தேவிபட்டினத்திற்குப் பத்துக் கல் தொலைவில் உள்ளது இராமநாதபுரம். அங்கு அரசாண்ட கிழவன் சேதுபதி 1710-ஆம் ஆண்டில் மறைந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று ஏசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் கூறுகிறது. அயல்நாட்டார் இதைப் படித்துவிட்டு, ‘இதுவே இந்தியப் பண்பாடு’ என்பர். நம்மவரிற் சிலரும் அதையே, சற்றுப் பெருமிதத்தோடு, சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்விரு சாராரையும் ஒருங்கே மறுத்தவர் உமா நாராயண் என்னும் தத்துவப் பேராசிரியை.

பம்பாய் சர்வகலாசாலையில் தத்துவம் பயின்று, பூனாவில் எம்.ஏ. பட்டமும், 1990-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார் அம்மையார். பின்னர் வாசர் கல்லூரியில் பேராசிரியையாக விளங்கினார்; 1861-இல் பெண்களுக்கென்றே நிறுவப்பெற்ற கல்லூரி அது. பட்டங்களைப் பற்றி இவ்வளவு போதும். அவருடைய பெயர் நிலைத்தது 1997-இல் வெளிவந்த ‘டிஸ்லொகேட்டிங் கல்ச்சர்ஸ்’ என்ற நூலால்.

அதில் அவர் எழுப்பும் கேள்வி எளியது: ஒரு வழக்கம் ‘நம் பண்பாடு’ என்ற பெயரை எப்போது, யாரால் பெற்றது? உடன்கட்டை சில குலங்களிலும் சில வட்டாரங்களிலுமே இருந்தது. பெரும்பாலான இந்தியப் பெண்களின் வாழ்வை அது தொட்டதேயில்லை. ஆயினும், 1829-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தையொட்டி எழுந்த வாதத்தில், எதிர்த்தோரும் ஆதரித்தோரும் சாஸ்திரங்களைப் புரட்டிப் புரட்டி, அதை நாட்டின் அடையாளமாகவே ஆக்கிவிட்டனர். மேரி டேலி என்ற அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளரும் இவ்வரலாற்றைக் கருதாமலே எழுதினார் என்று அம்மையார் தயங்காமல் கண்டிக்கிறார்.

பெண்ணுரிமை பேசும் இந்தியப் பெண்களை ‘மேனாட்டு மோகம் பிடித்தவர்கள்’ என்று தூற்றுவோர்க்கு அவர் தரும் விடை இன்னும் கூர்மையானது. தம் எண்ணங்கள் புத்தகத்தில் பிறந்தவையல்ல. கூட்டுக் குடும்பத்தில் தம் தாயார் பட்ட துயரைச் சிறு வயதில் கண்டதிலேயே அவை பிறந்தன என்கிறார். இதற்கு மறுமொழி கூறுவது கடினம்.

அவர் காட்டிய வழியில் எங்கள் சீமையைப் பார்த்தேன். தென்னாட்டுக் குலங்களைப் பற்றி 1909-இல் நூல் வெளியிட்ட தர்ஸ்டன், மறவருள் சேதுபதிகளின் செம்பிநாட்டுப் பிரிவு நீங்கலாக மற்றையோரிடம் கைம்பெண் மறுமணம் தடையின்றி நடந்துவந்தது என்று குறிக்கிறார். அப்பெண்களும் இம்மண்ணின் மக்களே. பாடப் புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாமையால், ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் அதைக் கரும்பலகையில் நானே எழுதிவந்தேன்.