சீனிப் போர்வைக்கும் ஒரு வரலாறு உண்டு

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அரசர்களையும் கோயில்களையும் படையெடுப்புகளையும் எழுதினார்கள். பின்வந்த நாம் போரை எழுதினோம். அடுக்களையை எழுதியவர்கள் மிகச் சிலரே. பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்த எனக்கு, பிறந்தநாள் கேக்கின் மேல் விரிக்கப்படும் வண்ணச் சீனிப் போர்வையும் எமது அரசியல் வரலாற்றின் ஓர் ஆவணம் என்றே தோன்றுகிறது.

எமது பேச்சுமொழியே முதற் சாட்சி. தமிழகத்தார் பிரெட் என்பதை நாம் பாண் என்கிறோம்; அது வேகும் அடுப்பைப் போறணை என்கிறோம்; மரமுந்திரிகைப் பருப்பைக் கஜு என்கிறோம். மூன்றும் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழி தந்தவை. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கேக், ஐசிங் ஆகிய சொற்கள் ஆங்கிலத்தின் கொடை. ஆங்கிலேயர் தமது பழக் கேக்கின் மேல் பாதாம் பருப்பின் விழுதைப் பூசி, அதன்மேல் வெண்சீனியால் மூடினர். இலங்கையில் பாதாமின் இடத்தைக் கஜு பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயரின் செய்முறைக்குள் போர்த்துக்கேயர் பெயரிட்ட பருப்பு புகுந்த கதை இது.

ஆயினும், உணவுக்கு உருவம் கொடுக்கும் கலையை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்துப் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பது எமது பழைய வழக்கம். மாவைப் பிசைந்து உருவம் பிடிக்கும் அந்தக் கை, சீனியைப் பிசைந்து மயிலும் வீணையும் செய்யப் பழகியதில் வியப்பில்லை.

இன்று ஃபொன்டன்ட் என்று அழைக்கப்படுவது ஐசிங் சீனி, ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கிளிசரின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையும் ஒரு களி. உருளையால் தட்டி, போர்வைபோல விரித்து, கேக்கின் வளைவுகளோடு ஒட்ட அழுத்துவார்கள். நிறமூட்டுவதிலேதான் அனுபவம் தெரியும். நீர்த்த சாயம் விட்டால் களி பிசுபிசுக்கும்; ஆதலால் பசையாகவோ தூளாகவோ உள்ள சாயத்தை ஈர்க்கு முனையில் தொட்டுத்தொட்டுச் சேர்த்துப் பிசைவார்கள். சிவப்பு உடனே ஏறாது. மூடிவைத்தால் சில மணி நேரத்தில் தானாகவே கடுமையாகும். எமது காலநிலை வேறு குறுக்கே நிற்கும். கார்த்திகை, மார்கழி மழையில் சீனி காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும். கோடைக் காற்றிலே காய்ந்து வெடிக்கும். நத்தார் கேக்கின் காலமோ மாரியின் நடுவில் வருகிறது.

இதற்கு வெள்ளைச் சீனி இன்றியமையாதது. எமது மண்ணின் பனங்கட்டி சுவையில் எதற்கும் குறைந்ததன்று. ஆனால் அதன் கபில நிறம் எல்லாச் சாயங்களையும் விழுங்கிவிடும். வெள்ளைச் சீனியோ குடாநாட்டில் விளைவதில்லை, வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே பாதை அடைபட்ட போதெல்லாம் இந்தக் கலையும் மூச்சுத் திணறியது.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மாவும் சீனியும் அரிதாயின. அதே காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட எமது விவசாயிகளின் கையில் காசு புழங்கியது. காசு இருந்தும் சீனி இல்லாத விசித்திரம் அது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். அக்காலத்தில் கேக் வெதுப்ப நினைத்தவர்களுக்குப் போறணையாக உதவியவை ஒரு பானையும், மேலும் கீழும் இட்ட சிரட்டைத் தணலுமே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து சென்றபோது கேக் தட்டுகளை எவர் சுமந்திருப்பார்? 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் அது மூடப்பட்டபோது, கப்பலை எதிர்பார்த்திருந்த குடாநாட்டில் சீனி விலை பன்மடங்காகியது. போர் முடிந்து 13 ஆண்டுகளின் பின், 2022இல், சமையல் எரிவாயுவுக்கு வரிசையும் நீண்ட மின்வெட்டும் வந்தன. இம்முறை தெற்கும் வடக்கும் ஒரே வரிசையில் நின்றன.

இவ்வளவுக்கும் பின்னர் அந்தக் கலை பிழைத்திருக்கிறது. பலருக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. வீட்டு விறாந்தையிலிருந்து கேக் செய்து கொடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்களை நான் அறிவேன். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து பணம் வரும்; கேக் இங்கே உருவாகும்; வெட்டும் காட்சி கைத்தொலைபேசியில் அங்கே தெரியும். பிரிந்த குடும்பம் ஒரு மேசையைச் சுற்றிக் கூடுவதற்கு இன்று எமக்கு எஞ்சியுள்ள வழிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்தப் பெண்களின் வரலாற்றை எங்கே தேடுவது? 1981இல் யாழ் நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. அச்சில் இருந்தவற்றுக்கே அந்தக் கதியென்றால், அச்சேறாத சமையற் குறிப்புக் கொப்பிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எஞ்சியவை, இடப்பெயர்வுகளில் யாரோ நெஞ்சோடு அணைத்துச் சென்ற திருமண அல்பங்களும், எண்ணெய்க் கறை படிந்த சில கொப்பிகளுமே. அவற்றுட் பல இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கக்கூடும்.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமோ அப்பம்மாவிடமோ அப்படியொரு கொப்பி இருந்தால், அதைப் பிரதிசெய்து வையுங்கள். அளவுகளை மட்டும் எழுதினால் போதாது. அந்த ஆண்டில் சீனி எங்கிருந்து, எப்படிக் கிடைத்தது என்பதையும் கேட்டுப் பக்கத்தில் குறித்துவையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில காலமே எம்மோடு இருப்பார்கள்.