கொள்முதல் துறையில் ஆய்வும் நடைமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய பொருள்களையும் பணிகளையும் வெளியாரிடமிருந்து விலைக்குப் பெறும் செயல் கொள்முதல் எனப்படும். இத்துறையின் கோட்பாடுகளுள் முதன்மையானவை சில ஆலைகளிலும் அலுவலகங்களிலும் எழுந்த கேள்விகளிலிருந்தே உருவாகின என்பதையும், அக்கேள்விகளை அவற்றின் நடைமுறை நெருக்கடிகளோடு சேர்த்து ஆராய்ந்தபோதே கல்விப்புலம் பயன்பட்டது என்பதையும் 20ஆம் நூற்றாண்டின் வரலாறு புலப்படுத்துகிறது.

அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் 'ஃபேக்டரி' இதழில் எழுதிய கட்டுரை, ஓர் உறுப்பை ஒரே தடவையில் எத்தனை எண்ணிக்கையில் செய்வது சிக்கனம் என்ற கேள்விக்கு விடை கண்டது. அவ்விடையே பின்னர்க் கொள்முதலுக்கும் பொருந்தி, 'சிக்கன ஆணை அளவு' என வழங்கலாயிற்று. சான்றாக, ஆண்டுக்கு 1,200 பொருள் தேவைப்பட்டு, ஓர் ஆணைக்கு 100 ரூபாயும், ஒரு பொருளை ஓராண்டு இருப்பில் வைக்க 6 ரூபாயும் செலவாகுமாயின், தடவைக்கு 200 வீதம் வாங்குவதே சிக்கனமாகும். அப்போது ஆறு ஆணைகளுக்கான செலவும், சராசரி இருப்பாகிய 100 பொருள்களுக்கான செலவும் தலா 600 ரூபாயாகச் சமப்படுகின்றன. ஆயினும் 1934இல் இதைப் பற்றி எழுதிய வில்சனின் பெயராலேயே இவ்வாய்பாடு பெரிதும் அறியப்பட்டது. ஹாரிஸின் மூலக் கட்டுரை 1990இல்தான் ஆய்விதழொன்றில் மறுபதிப்புப் பெற்றது.

வாங்குவோரின் தீர்ப்பையே ஆய்வுப் பொருளாக்கியவர் கேரி டிக்சன். 1966இல் வெளியான அவரது ஆய்வு, வழங்குநரை, அதாவது பொருள் தருவோரைத் தேர்வதற்கான 23 அளவுகோல்களைக் கொள்முதல் அலுவலர்களின் மதிப்பீட்டின்படி வரிசைப்படுத்தியது. அதில் தரம் முதலிடமும், குறித்த காலத்தில் ஒப்படைத்தல் இரண்டாமிடமும் பெற, விலை ஆறாமிடத்திலேயே நின்றது. குறைந்த விலைப்புள்ளியே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற எளிய அனுமானம் இதனால் வலுவிழந்தது.

நடைமுறையிலிருந்து கல்விப்புலம் நோக்கிய எதிர்த்திசைப் பயணத்திற்குச் சான்று, மேலாண்மை ஆலோசகரான பீட்டர் கிரால்ஜிக் 1983இல் வெளியிட்ட கட்டுரையாகும். வாங்கும் பொருள் இலாபத்தைப் பாதிக்கும் அளவு, அது கிடைப்பதிலுள்ள இடர் ஆகிய இரண்டையும் கொண்டு பொருள்களை நான்கு வகையாகப் பிரித்த அவரது கட்டம், ஆலோசனைப் பணியில் உருவாகிப் பின்னர்ப் பாடநூல்களில் இடம்பெற்றதுடன் கல்வியாளரின் திறனாய்வுக்கும் உள்ளாயிற்று.

இரு திசைகளும் ஒன்றுகூடிய முயற்சியாகச் சிலி நாட்டின் பள்ளி உணவுத் திட்டத்தைக் குறிப்பிடலாம். பல பகுதிகளுக்குச் சேர்த்து உணவு வழங்கினால் செலவு குறையும் என்பதை ஒப்பந்ததாரர் அறிந்திருந்ததால், பகுதிகளை இணைத்தே விலை கோர அவர்களுக்கு இடமளிக்கும் 'சேர்மான ஏலம்' அங்கு நடைமுறைக்கு வந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் எண்ணற்ற சேர்க்கைகளுள் சிக்கனமானதை மனிதர் கையால் கணக்கிட இயலாமையின், முழுஎண் நிரலாக்கம் என்னும் கணித முறை அப்பணிக்குப் பயன்பட்டது. 2002இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 13 லட்சம் குழந்தைகளுக்கு உணவளித்த இவ்வொப்பந்தங்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 கோடி டாலர் மிச்சமாயிற்று.

ஒப்பந்ததாரரின் பட்டறிவைப் பிழையெனத் தள்ளாமல் ஏல விதியாகவே மாற்றியமைத்ததுதான் இம்முறையின் தனித்தன்மை. தேவை ஆண்டு முழுதும் சீராக இருக்கும் எனக் கொண்ட ஹாரிஸின் வாய்பாட்டைக் களநிலைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் பொறுப்பு வாங்குவோரிடமே இருந்தது. சிலியிலோ களநிலையின் ஒரு கூறு கணக்கின் உள்ளேயே இடம்பெற்றது.