ஆட்டம் யாருடையது?

மேடையில் பரதம் ஆடுகிறவளும் 'ஆடுகிறாள்'. கிரிக்கெட் செய்தியில் விக்கெட் போனவரும் 'ஆட்டமிழந்தார்'. நடனத்துக்கும் விளையாட்டுக்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வச்சிருக்கு. இந்த இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் கணினியும் வந்து நின்றால் என்ன நடக்கும்? செயற்கை நுண்ணறிவு போனுக்குள்ள வந்த பிறகு முளைத்த கேள்வி இது எண்டுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தேடிப் பார்த்தால், கதை 60 வருசத்துக்கு முன்னமே தொடங்கிவிட்டது.

1965 ஜூலை, நியூயோர்க். மேர்ஸ் கன்னிங்ஹாம் என்ற நடனக் கலைஞரும் ஜோன் கேஜ் என்ற இசையமைப்பாளரும் 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' என்ற நிகழ்வை மேடையேற்றினார்கள். வழமையாக இசை வரும், அதுக்கு உடம்பு ஆடும். இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். மேடையில் அன்ரனாக்கள் நட்டிருந்தது, ஒளியுணரிகளும் இருந்தன. ஆடுகிறவர் அன்ரனாவுக்குக் கிட்டப் போனாலோ ஒளியை மறைத்தாலோ ஒலி கிளம்பும். அன்ரனாக்களைச் செய்தவர் ரொபேர்ட் மூக், பிறகு சிந்தசைசரால் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் முழு அதிகாரமும் ஆடுபவரிடம் இருக்கவில்லை. பின்னால் இருந்த இசைக் கலைஞர்கள்தான் எந்த ஒலி வெளியே போகும் எண்டு தீர்மானித்தார்கள். உடம்பு கதவைத் தட்டியது. திறந்தது வேறு ஆட்கள்.

அடுத்த படியை எடுத்தவர் மைரன் குரூகர் என்ற அமெரிக்கர். 1970களில் அவர் தொடங்கிய 'வீடியோபிளேஸ்' நிகழ்வில், பார்க்க வந்தவரே ஆட்டக்காரர். கமராவுக்கு முன்னால் நின்றால் உங்கட நிழலுருவம் திரையில் விழும். அங்கே 'கிரிட்டர்' என்று ஒரு குட்டி உருவம் இருக்கும். அது உங்கட நிழலில் தொற்றி ஏறி, உச்சந்தலைக்குப் போய், வெற்றிக் களிப்பில் ஒரு குத்தாட்டம் போடும். நடனம், விளையாட்டு, தானாக முடிவெடுக்கிற ஒரு கணினிப் பிறவி: மூன்றும் அந்தத் திரையிலேயே சேர்ந்துவிட்டன. கனடாவில் டேவிட் ரோக்பி செய்த 'வெரி நேர்வஸ் சிஸ்டம்', 1986இல் வெனிஸ் பியனாலேயில் வைக்கப்பட்டது. அங்கே கமரா பார்க்கும், கணினி அசைவை இசையாக்கும். கையை மெல்ல அசைத்தால் ஒரு ஒலி, வீசினால் வேறொன்று.

இதெல்லாம் கலைக்கூடங்களுக்குள் நடந்தவை. சாதாரண சனத்திடம் இதைக் கொண்டுவந்தது விளையாட்டுக் கொம்பனிகள்தான். 1998இல் ஜப்பானின் கொனாமி 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' இயந்திரத்தை வெளியிட்டது. காலுக்குக் கீழே நான்கு அம்புக்குறி. திரை சொல்கிற நேரத்துக்கு மிதிக்க வேணும். 2010 நவம்பரில் மைக்ரோசொஃப்டின் கினெக்ட் வந்தது. மிதிக்க ஒன்றும் இல்லை, கையில் பிடிக்கவும் ஒன்றும் இல்லை. எண்ணற்ற உடம்புப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், உங்கட மூட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் 150 டொலர்தான் விலை என்பதால், விளையாட்டுக்கு வந்த கருவியை நடனக் கலைஞர்களும் வாங்கி மேடைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரிட்டர் உங்களோடு விளையாடியது. இந்த இயந்திரங்களோ உங்களுக்குப் புள்ளி போட்டன. சரி, பிழை என்று மார்க்ஸ் போடுகிற வாத்தியார் ஆகிவிட்டது கணினி.

பழையபடி கூட ஆடுகிற ஆளாக அதை மாற்ற முயன்றவர்களும் இருக்கிறார்கள். ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியின் 'லூமின்ஏஐ', முன்பு தன்னோடு ஆடியவர்களிடம் பழகிய அசைவுகளை வைத்து, எதிரே நிற்பவருக்குப் பதில் ஆட்டம் ஆடுகிறது. 2019இல் பிரித்தானியாவின் வெய்ன் மக்கிரெகர், தன் 25 வருட நடன வீடியோக்களைக் கூகிளோடு சேர்ந்து ஒரு கணினிக்குப் படிப்பித்தார். ஒருவர் ஆடியதைப் பார்த்து, அடுத்து என்ன ஆடலாம் எண்டு அது யோசனை சொல்லும். எதை எடுப்பது, எதை விடுவது என்பது மனிதர் கையில்.

இங்கேதான் பிரச்சினையும் தொடங்குது. மக்கிரெகர் படிப்பித்தது தன் சொந்த ஆவணத்தை. மற்றவர்களின் ஆட்டத்தை எடுத்தால்?

2018இல் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் காசுக்கு விற்ற ஆட்டங்கள் தங்களுடையவை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 'டூ மில்லி' என்ற ராப் பாடகர் அவர்களில் ஒருவர். அந்த வழக்குகள் வெல்லவில்லை. சின்ன ஆட்டத் துணுக்குகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை என்பதே அவர்களுக்கு முன்னால் நின்ற சுவர். பிறகு 2022இல் கைல் ஹனகாமி என்ற நடன இயக்குநர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அவருடைய நடனத்தைத் தனித்தனி நிலைகளாகப் பிரித்துப் பார்த்துத் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நடனம் என்பது நிலைகளின் கூட்டல் மட்டும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற விதம், நேரம், தாமதம் எல்லாம் சேர்ந்ததுதான் என்பதே அதன் நிலைப்பாடு. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அந்தத் தீர்ப்பு சொன்னது எங்களுக்கு விளங்கியது கம்பஸில்தான். ஒரு நிகழ்ச்சிக்காக, பரதம் ஆடுகிற தோழி ஒருத்தியை மடிக்கணினிக் கமராவுக்கு முன்னால் ஆடவிட்டோம். இலவச மென்பொருள் அவளை 33 புள்ளிகளாக்கியது. அதில் ஒரு கையின் விரல்களுக்கு மூன்றே மூன்று புள்ளி. முத்திரை எல்லாம் காணாமல் போச்சு. அபிநயம் கேட்கவே வேண்டாம். அரைமண்டியைப் பாவாடை மறைக்க, முழங்கால் எங்கேயோ அலைந்தது. நாங்கள் சிரித்தோம்.

அவள் சிரிக்கவில்லை. "இந்தப் பதிவ வேற ஆரிட்டயும் குடுப்பீங்களோ?" எண்டு கேட்டாள். நாங்கள் அதைப் பற்றி யோசித்திருக்கவே இல்லை. அவளுக்கு ஆட்டம் பழக்கிய ரீச்சரிடமும் கேட்கவில்லை. நாளைக்கு இதே கருவியோடு கூத்து அண்ணாவியார் ஒருவரிடம் போனாலும் இப்படித்தான் கேட்காமல் பதிவு செய்திருப்போம்.

கணினியோடு ஆடக்கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆட ஆசையாத்தான் இருக்கு. ஆனால் பதிவு செய்ய முதல் கேட்க வேணும். பதிவு ஆரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் எண்டு சொல்ல வேணும். நிகழ்ச்சி அறிவித்தலில் மென்பொருளின் பெயரோடு ஆடியவரின் பெயரும், பழக்கியவரின் பெயரும் வர வேணும். அவ்வளவுதான்.

அந்தப் பதிவு இப்ப எங்களிடம் இல்லை. அவளிடம் கொடுத்துவிட்டு, மடிக்கணினியில் இருந்து அழித்துவிட்டோம்.