வீட்டை வாங்கிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொன்ன நம் முன்னோர்கள், "வீட்டை வாங்கிப் பார்" என்று சொல்லாமல் விட்டு விட்டார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு நாள் காத்து நின்றிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள். விலை பேசி முடிந்த பிறகும் சாவி கைக்கு வர ஏன் இத்தனை மாதம் என்று அலுத்துக் கொள்ளாதவர்கள் யார்? அந்தக் கேள்விக்குச் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது.

சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுக்களைப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் சொல்லி, மேல் நோக்கிய மரம், கீழ் நோக்கிய கிணறு, உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் ஒன்று விடாமல் விற்றதாக எழுதுவார்கள். ஆவணக்களரியிலே பணம் முழுவதும் வாங்கியாயிற்று, இனி வேறு செலவோலை காட்ட வேண்டியதில்லை என்றும் எழுதுவார்கள். நாளைக்கு ஒருவன் வந்து, "கிணற்றை நான் விற்கவில்லையே!" என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்தப் பயம்தான் இத்தனை வார்த்தைகளையும் கல்லில் வெட்ட வைத்தது.

பயத்தைத் தீர்க்கும் முறையைச் சேக்கிழார் 12-ம் நூற்றாண்டில் காட்டுகிறார். சுந்தரரை அடிமை என்று உரிமை கொண்டாடி வந்த கிழவரின் வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. சபையார் கேட்டது மூன்று அத்தாட்சிகளில் ஏதேனும் ஒன்று: நீண்ட நாள் அனுபவம், எழுதிய ஆவணம், அயலார் சாட்சி. சுந்தரர் கிழித்தது நகல்தான். மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. பாட்டனாரின் வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

அங்கே கேட்டது ஆளைப் பற்றி. இன்று நாம் கேட்பது வீட்டைப் பற்றி. கேள்விகள் மட்டும் மாறவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1864-ல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் நிலம், வீடுகளைப் பதிவான பத்திரத்தால்தான் விற்கலாம் என்றது. வெறும் விற்பனை உடன்படிக்கை வீட்டில் உரிமை தராது என்றும் சொன்னது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம், எழுதிக் கையொப்பமிட்ட நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்றது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதிவு எந்தத் தேதியில் ஆனாலும், பத்திரம் எழுதிய நாளிலிருந்தே செல்லும். தை மாதம் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தவர், அது பதிவாகும் முன் மாசியில் இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்தால்? மாசியில் பார்த்த வில்லங்கச் சான்றில் முதல் விற்பனை தெரியாது. ஆனால் பிற்பாடு அது காலத்தில் பதிவாகிவிட்டால், முந்தியவருக்கே வீடு. பணம் கொடுத்த இரண்டாமவர் கதி கோர்ட்டு வாசல்தான்.

அதே காலத்தில் வேறு வழியும் இருந்தது. 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில், சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டாரன்ஸ் என்பவர் முயற்சியால், உரிமைக்கே சர்க்கார் பொறுப்பேற்கும் பதிவு முறை ஏற்பட்டது. அங்கே ஏட்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர். நம் நாட்டில் வந்ததோ பத்திரப் பதிவு. இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று சர்க்கார் குறித்து வைக்கும். எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்பதற்கு ஜவாப்தாரி அல்ல. அந்தப் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுந்தது.

ஆகவேதான் இத்தனை மாதம். தாய்ப் பத்திரங்களை வரிசையாகப் படித்து, முப்பது வருஷ வில்லங்கம் பார்ப்பது ஆவணம் என்ற கேள்விக்காக. பதிவாகாத உயில் வில்லங்கத்தில் வராது. வாரிசுகளை விசாரிப்பதும் அண்டை வீட்டாரிடம் பேசுவதும் சாட்சிக்காக. யார் குடியிருக்கிறார், பட்டாவும் வரி ரசீதும் யார் பெயரில் என்று பார்ப்பது அனுபவத்துக்காக. சொந்தக்காரர் வாளாவிருக்க, அவருக்கு எதிராக 12 வருஷம் பகிரங்கமாக அனுபவித்தவரைப் பிறகு அசைப்பது கஷ்டம் என்கிறது 1963-ம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம்.

ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுக்கிறவர், "நல்ல மனிதர், நம்பலாம்" என்று இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் போதும், பணமும் போய் வீடும் போய்விடும்.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் தீர்ப்பெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "உமது வீட்டைக் காட்டும்" என்று கிழவரைக் கேட்டார்கள். அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைந்து விட்டார்! வந்தவர் கடவுள், அதனால் பாதகமில்லை. மற்றவர்கள் விஷயத்தில், வீட்டை முதலிலேயே காட்டச் சொல்வது நல்லது.